வெற்று நிலமும் ஜனங்களின் ஆட்சேபணையும்

சென்னை நகரின் தென்பாகத்தில், வேளச்சேரிக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் இடையே விரிந்து கிடக்கும் பள்ளிக்கரணைக் கழுவெளியை, அதன் கோரைப்புல்லையும் சேற்றையும் மாத்திரம் கண்டு எதற்கும் உதவாத தரிசு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தமையால், ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரப்புடையதாகச் சொல்லப்படும் அந்த ஈரநிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டோம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அதிலே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குச் செல்கிறது என்னும் உண்மை, 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த பிறகே பலருக்கு விளங்கிற்று. எஞ்சியதில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அங்கீகாரம் பெற்றது; இழந்தது இழந்ததுதான்.

நகரின் விளிம்பில் இன்று காலியாகத் தோன்றும் மேய்க்காலுக்கும் ஏரிப் பாசன வயலுக்கும் இக்கதி நேராதிருக்க வேண்டுமானால், கட்டடம் எழும்போதல்ல, இன்ன நிலம் இன்ன உபயோகத்துக்கு என்று முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் வர்ணம் தீட்டப்படும்போதே அங்குள்ளோர் வாய்திறக்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், திட்டத்தின் வரைவு தயாரானதும் அதனை அரசிதழிலும் நாளேடுகளிலும் அறிவித்து, இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்து, எழுத்துமூலமான ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் பெறவேண்டும் என்றும், நேரில் சொல்ல விரும்பிக் கேட்டவர்களுக்கு அதற்குச் சந்தர்ப்பம் அளிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. பட்டா உடையவர் மாத்திரமல்லர். வாடகைக்குக் குடியிருப்பவரும், அந்நிலத்தில் ஆடுமாடு மேய்ப்பவரும், பள்ளத்துத் தெருவில் மழைநீர் தேங்குமே என்று அஞ்சுபவரும் இவ்வுரிமைக்குப் பாத்தியதை உடையவர்களே.

சென்னைக்கு முதல் முழுமைத் திட்டம் 1976இலும், 2026ஐ எல்லையாகக் கொண்ட இரண்டாவது திட்டம் 2008இலும் வந்தன. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் இச்சந்தர்ப்பங்களைக் காட்டிலும், இடைக்காலத்தில் தனித்தனிச் சர்வே எண்களுக்கு நில உபயோக மாற்றம் கோரி வரும் விண்ணப்பங்களே அதிக அபாயமானவை என்பது என் அபிப்பிராயம். நாளிதழின் ஒரு மூலையில், பொடி எழுத்தில், கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பளவு, விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்ற உத்தேசம், ஆட்சேபணை இருப்பின் இத்தனை நாளுக்குள் தெரிவிக்க என்று நாலைந்து வரிகளே இருக்கும். அதை வாசித்து, தம் வீட்டுக்கு எதிர்ப்புற வயல் அதுவென்று கண்டுகொள்ள, ஊரில் ஒருவராவது சர்வே எண்களை அறிந்திருப்பது அவசியம்.

ஆட்சேபணை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று பொதுப்பட எழுதியதையும், நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே அச்சுக் கடிதத்தையும் ஒதுக்குவது எளிது. இன்ன சர்வே எண் கிராமத்து ‘அ’ பதிவேட்டில் ஓடை என்று இருக்கிறது, புலப்படத்தில் வாய்க்கால் இவ்வழியே செல்கிறது, சென்ற மழையில் இத்தனை அடி நீர் நின்றது என்று நகல்களோடும் புகைப்படத்தோடும் எழுதினால், அதற்குப் பதில் சொல்லாமல் கோப்பை நகர்த்துவது கடினம். வீடில்லாதோர்க்கு வீடு வேண்டும் என்பது நியாயமே. ஆதலால், வேண்டாம் என்பதோடு நில்லாமல், வீடு கட்டத்தக்க மேட்டுநிலம் எது, திறந்தவெளியாக விடவேண்டியது எது என்பதையும் சேர்த்து எழுதுவது உத்தமம். நேரில் விசாரிக்குமாறு கேட்கும் வரியை மறக்கலாகாது. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இவ்வளவும் செய்தும் மாற்றம் அனுமதிக்கப்பட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்து, உத்தரவின் நகலையும் ஆட்சேபணையின்மீது எடுத்த முடிவையும் கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும். ஏரி ஆக்கிரமிப்பு எனில், 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் சட்டங்கள் மீறப்பட்டிருப்பின் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். ஆனால் வழக்குக்கான காரணம் முதன்முதல் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு சேரவேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் வரையே அனுமதி கிடைக்கும். திட்ட நடைமுறையே பிசகியது எனில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. உரிய காலத்தில் ஆட்சேபித்தீர்களா என்ற கேள்வி அங்கே எழும்போது, காட்டுவதற்கு அந்த ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கவேண்டும்.