வட்டத்தை அளந்தவர்கள்

மும்பைத் திலக் நகரில் ஒரு குடியிருப்பின் முற்றத்தில் வட்டமான மேடை ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 14 அடி. சுற்றளவு ஏறத்தாழ 44 அடி. மேலே பாவுவதற்கு எத்தனை சதுர அடிக் கல் வேண்டும்? சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியால் பெருக்கச் சொல்கிறது, காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம். 22-ஐ 7-ஆல் பெருக்க, 154 சதுர அடி கிடைக்கிறது. அதற்கு முற்பட்ட ஆரியபட்டீயமும் இவ்விதியையே கூறுகின்றது.

இதே விதியை நாம் சீனத்திலும் காண்கிறோம். கி.பி. முதல் நூற்றாண்டளவில் உருப்பெற்ற 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் கணித நூல், வயல்களை அளக்கும் முறையோடு தொடங்குகிறது. அங்கும் பாதிச் சுற்றளவு, பாதி விட்டம் என்பதே வழி. ஆயினும் சுற்றளவு விட்டத்தைப்போல் மூன்று மடங்கு என்று அந்நூல் கொண்டது. விட்டம் 10, சுற்றளவு 30, பரப்பு 75 என்பது அதிலுள்ள ஒரு கணக்கு. விட்டம் 10 ஆயின் மெய்யான பரப்பு 78½-க்குச் சற்று மிகும். விதி சரியே, எண்ணில்தான் பிழை.

கி.பி. 263-இல் அந்நூலுக்கு உரை வகுத்த லியூ ஹுய் இதனை ஆராய்ந்தார். வட்டத்தினுள் ஓர் அறுகோணத்தை அமைத்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் வட்டத்தின் ஆரத்துக்குச் சமமாகும். ஆகவே ஆறு பக்கங்களும் சேர்ந்து விட்டத்தின் மும்மடங்காகும். மூன்று என்பது அறுகோணத்தின் அளவு. வளைந்த வட்டமோ அதனினும் நீண்டது. இதனை உணர்ந்த அவர், பக்கங்களை 12, 24, 48, 96 என இரட்டித்துக்கொண்டே சென்றார். பக்கங்கள் பெருகப் பெருக, விடுபடும் இடம் குறுகிற்று. இவ்வாறு 3.14 என்னும் அளவை எய்தினார். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் தந்த அளவு 3.1416, அதனையும் அவர் அண்ணளவு என்றே குறித்தார்.

விதிக்குரிய காரணமும் இங்கேயே விளங்குகிறது. பலகோணத்தை நடுவிலிருந்து முக்கோணங்களாக வகுப்போம். ஒவ்வொன்றின் பரப்பும் அடியிற் பாதியை உயரத்தால் பெருக்கியதாகும். பக்கங்கள் மிகுந்தால் உயரம் ஆரத்தை நெருங்கும். அடிகளின் கூட்டுத்தொகை சுற்றளவை நெருங்கும்.

விதியைக் கையாண்டோர் பலர். காரணம் வினவியவருக்கே அதிற் கலந்திருந்த பிழை புலப்பட்டது. நம் கணக்கதிகாரச் சூத்திரங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, காரணத்தையும் உடன் கற்பிப்போமாக.