நெப்டியூனின் சிவப்பு எங்கே போனது?

அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெஸ்டோ ஸ்லைஃபர் வெளிக்கோள்களின் நிறமாலையைப் படமெடுத்தார். 619 நானோமீட்டர் அருகே ஒரு கரும்பட்டை. அதைப்போல் வேறு சிலவும் இருந்தன. அன்று அறியப்பட்டிருந்த எந்தப் பொருளின் நிறமாலையோடும் அவை பொருந்தவில்லை. 1932-இல்தான் ஜெர்மானியரான ரூபர்ட் வில்ட் விடை கண்டார்: மீத்தேன், கூடவே அம்மோனியா.

மீத்தேன் நிறமற்ற வாயு ஆயிற்றே! அதன் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு உறிஞ்சுவது 3.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை. ஆனால் வீணைத் தந்தியில் மேற்சுரங்கள் எழுவதுபோல, மூலக்கூறும் ஒரே தாவலில் நாலைந்து படி ஏறக்கூடும். அதற்குத் தேவையான ஒளி சிவப்பின் பக்கம் வந்துவிடுகிறது. 3.3-ஐ நான்கால் வகுத்தால் 825 நானோமீட்டர். நான்காம் படிக்குரிய வலுவான பட்டையோ 890-இல் இருக்கிறது. நீள நீளப் பிணைப்பு தளர்வதால் படிகளின் உயரம் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். ஐந்தாம் படி 727, ஆறாம் படி 619. இத்தகைய தாவல்கள் நடப்பதும் பெரிதும் இந்தத் தளர்வால்தான். ஆனால் அவை மிக அரிது. உயரம் கூடக்கூட இன்னும் அரிது. ஒரு குடுவை மீத்தேனில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் மீத்தேனைக் கடந்து வரும் ஒளியில் சிவப்பு தேய்ந்துவிடும். நெப்டியூன் நீலமாகத் தெரிய முக்கியக் காரணம் இதுவே.

இவ்வளவு மெல்லிய உறிஞ்சலை ஆய்வுக்கூடத்தில் அளப்பது எப்படி? 1988-இல் ஓகீஃப், டீக்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டிய வழி எனக்கு மிகப் பிடித்தது. 99.99 சதவீதம் ஒளியைத் திருப்பும் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, நடுவே லேசர் துடிப்பைச் சிறைப்படுத்தினால், ஒளி சுமார் 10 கிலோமீட்டர் ஓடித்தான் மங்கும். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 33 மைக்ரோவிநாடி. உள்ளே வாயு இருந்தால் இன்னும் விரைவில் மங்கும். அளப்பது ஒளியின் அளவை அல்ல, மங்கும் நேரத்தை. அதனால் லேசர் ஏறி இறங்கினாலும் கணக்கு பிசகாது.

இப்படி நுணுகிப் பார்க்கும்போது ஒரு பட்டை, மூலக்கூறின் சுழற்சியால் பிளந்த எண்ணற்ற கோடுகளாக விரிகிறது. கோடுகளின் ஒப்பீட்டு வலிமையிலிருந்து வாயுவின் வெப்பநிலையையே கணிக்கலாம். மீத்தேனின் கட்புலப் பட்டைகளிலோ கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை எந்தத் தாவலுக்குரியவை என்று இன்னும் பிரித்தறியப்படவில்லை. எனவே, மீத்தேன் கலந்த வளிமண்டலமுள்ள சனியின் துணைக்கோள் டைட்டனில் 2005-இல் இறங்கிய ஹைகன்ஸ் விண்கலம் வழியில் எடுத்த அளவீடுகளையும் சேர்த்தே, மீத்தேனின் உறிஞ்சல் அட்டவணையைத் திருத்தினார்கள்.