லூர்து பேராலயத்தின் அணைக்கப்பட்ட விளக்குகள்



லூர்து கெபி இல்லாத பங்கு நம் பகுதியில் அரிது. அந்த லூர்து நகரில், செபமாலை அன்னை பேராலயத்தின் முகப்பில் ஒளியின் மறைபொருள்களைச் சித்திரிக்கும் மொசைக் ஓவியங்கள் உள்ளன. அன்னையின் காட்சிகளுடைய 150ஆம் ஆண்டையொட்டி அமைக்கப்பட்டவை. அவற்றை உருவாக்கியவர் ஸ்லொவேனியா நாட்டைச் சேர்ந்த அருள்பணியாளர் மார்க்கோ ரூப்னிக்.

இவர் தங்களை ஆன்மீக முறையிலும் பாலியல் முறையிலும் துன்புறுத்தினார் என்று பல பெண்கள், அவர்களுள் முன்னாள் துறவற சகோதரிகளும், குற்றம் சாட்டியுள்ளனர். கீழ்ப்படிய மறுத்ததற்காக 2023 ஜூன் மாதம் இயேசு சபை அவரை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் காலவரம்பு விதியைத் தளர்த்தி, விசாரணைக்கு வழிவிட்டார். தீர்ப்பு கூறுவது நம் வேலையல்ல. ஆனால் சுவரில் உள்ள படங்களை என்ன செய்வது?

நம்மில் பலருக்கு உடனே தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. பாவியான குரு நிறைவேற்றும் திருப்பலியும் செல்லும் என்று மறைக்கல்வியில் படித்தோமே, பாவியான கலைஞர் வரைந்த படம் மட்டும் ஏன் ஆகாது? தொனாத்திஸ்டுகளுக்கு எதிராகப் புனித அகுஸ்தீன் வாதாடியது இதற்காகத்தானே? நல்ல கேள்விதான். ஆனால் அருள்சாதனத்தில் செயல்படுபவர் கிறிஸ்து. அதனால்தான் குருவின் பாவம் அதைக் கெடுப்பதில்லை. படம் அருள்சாதனம் அல்ல. அது செபிக்க உதவும் ஒரு துணை. உதவாதபோது எடுத்துவிடலாம், வேறொன்றை வைக்கலாம். பெர்னதெத் செபித்த குகையில் மொசைக் எதுவும் இருக்கவில்லை.

தாவீதையும் சிலர் நினைவூட்டுவார்கள். உரியாவைக் கொல்லச் செய்தவரின் பெயரால் வழங்கும் திருப்பாடல்களை நாம் பாடுகிறோமே! உண்மை. ஆனால் 51ஆம் திருப்பாடலின் தலைப்பைப் பாருங்கள்: நாத்தான் வந்து கண்டித்ததும், பத்சேபாவுக்கு நேர்ந்ததும் அங்கேயே எழுதப்பட்டுள்ளன. விவிலியம் பாடலை வைத்துக்கொண்டது, குற்றத்தை மறைக்கவில்லை. நாமோ பெரும்பாலும் குற்றத்தை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் சிலுவைப்பாதைச் சிற்பங்களைச் செதுக்கியவர் எரிக் கில். அவர் தம் சொந்த மகள்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை அவருடைய நாட்குறிப்புகளே காட்டின. 1989இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில்தான் அது எல்லாருக்கும் தெரியவந்தது. அவரோ 1940லேயே இறந்துவிட்டார். சிற்பங்களை அகற்றக் கோரிக்கை எழுந்தும் அவை இன்றும் அங்கேயே உள்ளன. இறந்தவருக்கு இனிப் புகழால் ஆவது ஒன்றுமில்லை என்பார்கள். அது சரியாக இருக்கலாம். ஆயினும் அந்தச் சிற்பங்களின் முன் முழங்காலிடுபவர்களிலும் வீட்டுக்குள்ளேயே காயப்பட்ட ஒரு மகள் இருக்கக்கூடும். அவளை நினைத்த பிறகும் "கலை வேறு, கலைஞர் வேறு" என்று நம்மால் எளிதாகச் சொல்லிவிட முடிகிறதா? நமக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

லூர்தில் தார்ப்-லூர்து ஆயர் மிக்காஸ் ஒரு குழுவை அமைத்து, பாதிக்கப்பட்டோரிடமும் கருத்துக் கேட்டார். படங்களை அகற்றுவதே நல்லது என்பது தம் சொந்தக் கருத்து என்று 2024 ஜூலையில் அறிவித்தார். ஆனால் கருத்துகள் கடுமையாகப் பிளவுபட்டிருந்ததால் உடனே அகற்றவில்லை. முதல் படியாக, இரவு செபமாலைப் பவனியின்போது அந்தப் படங்களுக்கு விளக்குப் போடுவது நிறுத்தப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் பேராலய வாயில்களில் உள்ள மொசைக்குகளை மூடும் வேலை தொடங்கியது. "இவ்வளவு பணம் போட்டுச் செய்ததை மூடுவதா?" என்று கேட்பவர்கள் உண்டு. லூர்துக்கு ஆறுதல் தேடி வருவோருள் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வாசலைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஆயர் கணக்கில் எடுத்தது அவர்களைத்தான்.

மெழுகுதிரிப் பவனி இன்றும் அதே முகப்பின் முன்னால்தான் நடக்கிறது. மக்கள் கையில் ஏந்தி வரும் திரிகளின் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது.