சிக்கனமாய் ஒரு கெய்ரோ பயணம்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் விமானக் கட்டணத்தையும் விடுதி வாடகையையும் மட்டுமே நாம் கணக்கிடுகிறோம். ஆயினும் கையிருப்பைக் கரைப்பவை பல வேளைகளில் நாணய மாற்றில் நேரும் இழப்பும் திட்டமிடாத சிறு செலவுகளுமே. எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்று முன்பே முடிவு செய்துகொண்டால், எகிப்தும் அதன் மிகப் பெரிய நகரான கெய்ரோவும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதவை அல்ல.

எகிப்து நமக்கு முற்றிலும் அந்நியமான நாடும் அன்று. செங்கடற்கரையில் உள்ள பெரெனிகே, குசேர் அல்-காதிம் ஆகிய பழந்துறைமுகங்களில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. நம் முன்னோர் வணிகத்துக்காகச் சென்ற நாட்டுக்கு நாம் காட்சிக்காகச் செல்கிறோம்.

பணத்தை எடுத்துச் செல்லும் முறை

நம் ரூபாயை அங்கே மாற்றுவது எளிதன்று. ஆகவே அமெரிக்க டாலரைச் சிறிதளவு நோட்டுகளாகவும், எஞ்சியதை அந்நியச் செலாவணி அட்டையிலும் கொண்டு செல்வது நன்று. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே நோட்டுகளாகப் பெறலாம். பிரமிடு போன்ற முக்கிய இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு அட்டை மட்டுமே ஏற்கப்படுவதால், அட்டையின்றிச் செல்வது சரியன்று.

ஏடிஎம் இயந்திரமோ கடைக் கருவியோ, தொகையை உள்ளூர்ப் பவுண்டில் எடுக்கவா, அட்டையின் நாணயத்தில் எடுக்கவா எனக் கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தில் அவர்களுடைய இலாபமும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் கட்டணம் உண்டு என்பதால், அடிக்கடி எடுக்காமல் சில நாட்களுக்குத் தேவையானதை ஒரே முறையில் எடுப்பது சிக்கனம்.

போக்குவரத்தும் உணவும்

1987-இல் தொடங்கிய கெய்ரோ மெட்ரோ, ஆப்பிரிக்காவின் முதல் மெட்ரோ ஆகும். பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகளும் உள்ளன. தஹ்ரீர் சதுக்கத்துக்கு அருகே தங்கினால் சதாத் நிலையம் நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கும். அங்கிருந்து மார் கிர்கிஸ் நிலையத்தில் இறங்கினால், பழைய கிறித்தவத் தேவாலயங்களும் யூதர் ஆலயமும் அமைந்த பகுதியை ஒரே காலைப் பொழுதில் கால்நடையாகவே கண்டுவிடலாம்.

உணவில் சைவர்க்கும் குறையில்லை. அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை ஆகியவற்றின்மேல் தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் இட்டுத் தரும் கொஷரி, அந்நகர மக்களின் அன்றாட உணவு. அது நம் கிச்சடியின் வழிவந்தது என்பாரும் உளர். விடுதி உணவகத்தைத் தவிர்த்து அதற்கெனவே உள்ள கடைகளில் உண்டால் செலவும் குறையும், வயிறும் நிறையும்.

குறைக்கலாகாத செலவு

கீசாவின் பெரிய பிரமிடைக் காண நேரமும் பணமும் தாராளமாக ஒதுக்க வேண்டும். அதன் உள்ளே செல்லத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். ஆனால் அங்கே ஓவியங்களோ எழுத்துகளோ இல்லை. குறுகிய ஏறுபாதையும் வெற்று அறையுமே உள்ளன. அந்தச் சீட்டைத் தவிர்த்து, அருகிலுள்ள புதிய பேரருங்காட்சியகத்துக்கு அத்தொகையைச் செலவிடலாம். 1922-இல் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறைப் பொருள்கள் அங்கேதான் உள்ளன. மாலையில் கான் எல்-கலீலி சந்தையிலும் முயிஸ் வீதியிலும் உலாவ நுழைவுக் கட்டணமே இல்லை.

பேரத்துக்கும் ஓர் எல்லை

2024 மார்ச் மாதத்தில் எகிப்து தன் நாணயத்தின் மதிப்பைச் சந்தையின் போக்குக்கு விட்டது. டாலருக்கு ஏறத்தாழ 31 பவுண்டாக இருந்த விகிதம் ஒரே நாளில் 50-ஐ நெருங்கியது. டாலர் கொண்டு செல்லும் நமக்கு அந்நாடு மலிவானது. பவுண்டில் ஊதியம் பெறும் அந்நாட்டவர்க்கோ வாழ்க்கை கடினமாயிற்று. நம் சிக்கனத்தின் ஒரு பகுதி அவர்களுடைய இழப்பிலிருந்து வந்ததே.

சந்தையில் பேரம் பேசுவது அங்கே வழக்கம், பேசலாம். ஆனால் பை தூக்குபவரிடமும் தேநீர் கொண்டு வரும் சிறுவனிடமும் சில்லறைக்காக வாதாட வேண்டியதில்லை. நாணய மாற்றில் விழிப்புடன் இருந்து மிச்சப்படுத்திய தொகையில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குப் போதும். அதற்கெனச் சிறு நோட்டுகளைத் தனியே வைத்துக்கொள்வதையும் நம் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்.