மண்ணுக்குள் இருக்கும் கரிமம் யாருக்குச் சொந்தம்?

ஒரு டன் கரியமில வாயுவின் விலை 50 வெள்ளி. 2024 ஜூலையில் பூர்சா கார்பன் சந்தையில் நடந்த ஏலத்தில், சபாவின் குவாமுட் மழைக்காட்டுப் பாதுகாப்புத் திட்டத்தின் கிரெடிட்டுகள் இந்த விலைக்குத்தான் போயின. காற்றில் கலக்காமல் தடுக்கப்பட்ட, அல்லது காற்றிலிருந்து திரும்ப எடுக்கப்பட்ட ஒரு டன் வாயுவுக்கு ஒரு கிரெடிட். அதை வாங்கும் நிறுவனம், தான் வெளியேற்றிய ஒரு டன்னை ஈடுகட்டிவிட்டதாகத் தன் ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

காட்டை விற்பது சரி, தோட்டத்து மண்ணையும் இப்படி விற்கலாமா? இந்தப் பருவத்தில் நான் படிக்கும் சுற்றுச்சூழல் பொருளாதாரப் பாடத்தில் இந்தக் கேள்வி வந்தபோது, வகுப்பில் பாதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுங்கைப் பட்டாணியில் பிறந்த என்னால் அப்படி இருக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது கெடாவின் தோட்டத்து மண்.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இலையாக, தண்டாக, வேராக மாற்றுகிறது. இலை உதிர்ந்து மட்கும்போதும் வேர் மடியும்போதும் அந்தக் கரிமத்தில் ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. மண்ணை அடிக்கடி உழாமல், வெறுமையாக விடாமல், மூடுபயிரும் தொழு உரமும் போட்டு, ஒரே பயிரையே நம்பாமல் செய்யும் விவசாயத்தை மீளுருவாக்க வேளாண்மை என்கிறார்கள். அப்படிச் செய்தால் மண்ணில் தங்கும் கரிமம் கூடும். கூடியதை அளந்து, சான்று வாங்கி, கிரெடிட்டாக விற்பதுதான் மண் கரிம வணிகம்.

இது கற்பனை அல்ல. மேற்குக் கென்யாவில் உலக வங்கியின் ஆதரவோடு, சுமார் 45,000 ஹெக்டரை இலக்காகக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கியது. 2014 ஜனவரியில் அதற்கு 24,788 டன்னுக்கான கிரெடிட்டுகள் வழங்கப்பட்டன. மண் கரிமத்துக்காக ஆப்பிரிக்காவில் கொடுக்கப்பட்ட முதல் கிரெடிட்டுகள் அவை. பல ஆயிரம் சிறு விவசாயிகளுக்கு அந்த 24,788-ஐப் பிரித்துப் பாருங்கள். கைக்கு வரும் காசு தேநீர்ச் செலவுக்குத்தான் காணும். அவர்களுக்கு உண்மையில் கிடைத்த லாபம், மண் வளமானதால் கூடிய சோள விளைச்சல்.

பெரிய நிறுவனங்களும் இதில் இறங்கின. 2021-இல் மைக்ரோசாப்ட், அமெரிக்க விவசாயிகளின் மண்ணில் சேர்ந்த 100,000 டன்னை ட்ரூடெர்ரா என்ற நிறுவனத்தின் வழியாக வாங்கியது. விவசாயிக்கு டன்னுக்கு 20 டாலர் வரை. அதே கொள்முதலைப் பற்றி மைக்ரோசாப்டின் ஆய்வாளர்களே பிறகு எழுதிய கணக்குதான் எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. காடு, மண், இயந்திரம் என்று எல்லா வகையிலுமாக அவர்களிடம் விற்க வந்த திட்டங்களின் மொத்த அளவு 154 மில்லியன் டன். அவர்கள் வைத்த தர அளவுகோலைத் தாண்டியது 2 மில்லியன் டன் மட்டுமே.

நம் ஊருக்கு வருவோம். ஒரு ஹெக்டர் நிலத்தில் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை ஏறக்குறைய 3,900 டன் மண் இருக்கும். நல்ல பராமரிப்பால் அதன் கரிம அளவு 1.5 விழுக்காட்டிலிருந்து 1.6-க்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடியது 3.9 டன் கரிமம். அதை 3.67-ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு வரும்: சுமார் 14 டன். குவாமுட் விலையில் 700 வெள்ளி. இந்த ஏற்றத்துக்கு ஐந்தாண்டு ஆனால், ஆண்டுக்கு 140 வெள்ளி. அதிலும் மண் மாதிரி எடுப்பவர், ஆய்வுக்கூடம், சான்றளிப்பவர், தரகர் எல்லாருக்கும் கொடுத்தது போக மீதிதான் நமக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தோட்டத்தில் மேட்டு மண்ணுக்கும் பள்ளத்து மண்ணுக்குமே 0.1 விழுக்காட்டைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். எந்த மாற்றம் உழைப்பால் வந்தது, எது மாதிரி எடுத்த இடத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல நூற்றுக்கணக்கான மாதிரிகள் வேண்டும். இதனால்தான் பல திட்டங்கள் மண்ணைக் குறைவாகத் தோண்டி, கணினி மாதிரிகளை அதிகமாக நம்புகின்றன.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். 'மண்ண மூடி வைக்கிறதுக்குக் காசா? அத நாங்க எப்பவோ செஞ்சிட்டோமேம்மா' என்றார். அவர் சொல்வது சரித்திரம். மலாயாவின் ஆரம்பகால ரப்பர் தோட்டங்களில் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது சட்டம். நம் ஆட்கள் மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி நிலத்தை மொட்டையாக்கினார்கள். மழை வந்து மேட்டு நிலங்களின் மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோனது. 'கீழ ஒரு புல்லு தெரிஞ்சாலும் கங்காணி கத்துவாராம், எங்கப்பா சொல்வாரு. அப்புறம் வெள்ளைக்காரனே கொடி விதையக் குடுத்துப் போடச் சொன்னான்.' 1930களுக்குள் தோட்டங்கள் பாடம் கற்றுக்கொண்டு, படரும் பயற்றினக் கொடிகளை விதைக்கத் தொடங்கியிருந்தன. இன்று செம்பனைக்கு அடியில் போர்வைபோல் படர்ந்து கிடக்கும் முகுனா கொடி, 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து இங்கே வந்தது.

கார்பன் சந்தை இந்த இடத்தில்தான் இடிக்கிறது. கிரெடிட் பெற, 'இந்தக் காசு இல்லாவிட்டால் இதைச் செய்திருக்க மாட்டேன்' என்று நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே நல்லபடி செய்து வருபவருக்கு ஒன்றும் கிடையாது. நிலத்தைக் கெடுத்து வைத்திருந்தவர் திருந்தினால் காசு. விதிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது: எப்படியும் நடந்திருக்கப்போகும் ஒன்றை விற்றால் காற்றில் ஒரு டன்கூடக் குறையாது, வாங்கியவரின் புகை மட்டும் கணக்கிலிருந்து மறையும். நியாயம் புரிந்தாலும், தாத்தாவுக்கு இதை விளக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அடுத்தது, சேர்ந்த கரிமம் எத்தனை நாள் தங்கும்? தொழிற்சாலைப் புகை காற்றில் நூற்றாண்டுகள் இருக்கும். மண் கரிமமோ ஒரு புல்டோசர் வரும்வரைதான். சுங்கைப் பட்டாணியைச் சுற்றி ரப்பர் தோட்டமாக இருந்து தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய நிலங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். நாங்கள் குடியிருக்கும் தாமானும் ஒரு காலத்துத் தீம்பார்தான்.

யாருக்குக் காசு போகும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மண் கரிமம் நிலப்பட்டாவோடு ஒட்டிக்கொண்டது. கொடியை விதைத்தவர், உரம் சுமந்தவர், மட்டையை வெட்டி வரிசையாக அடுக்கியவர் யாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் வராது. தோட்டத்து வீட்டையே வேலை முடிந்ததும் காலி செய்துகொடுத்த சமூகம் நாம். 'மண்ணைக் காத்தவர்களுக்கு வெகுமதி' என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது, 'காத்தவர்' என்றால் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு மற்றவரைவிடச் சற்று அதிகம்.

நிலத்தில் வாழ்பவரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம் பூர்சாவிலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் நடந்த அதன் முதல் ஏலத்தில் 68 வெள்ளிக்குப் போன கிரெடிட்டுகள் கம்போடியாவின் தெற்கு கார்டமம் காட்டுத் திட்டத்துடையவை. சில மாதங்களிலேயே சான்றளிக்கும் அமைப்பான வெர்ரா அத்திட்டத்துக்குப் புதிய கிரெடிட்டுகள் வழங்குவதை நிறுத்தி வைத்தது. அங்கு வாழும் சோங் பழங்குடியினர் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டதாகவும் கைது செய்யப்பட்டதாகவும் 2024 பிப்ரவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் திட்டம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

கெடாவுக்குப் பொருத்தமானது ரப்பரைவிட நெல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெராய் மலையைத் தாண்டி வடக்கே போனால் மூடா நீர்ப்பாசனப் பகுதி, ஏறக்குறைய 100,000 ஹெக்டர். தண்ணீர் தேங்கிய வயல் மீத்தேனை வெளியிடும். இடையிடையே வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது குறையும், தண்ணீரும் மிச்சம். அறுவடைக்குப் பின் வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே கொடுத்தால் புகை நம் மூக்குக்கு வராது. ஆனால் இங்கேயும் கள்ளக்கணக்கு நுழைந்துவிட்டது. சீனாவின் 37 நெல்வயல் திட்டங்களை 2024-இல் வெர்ரா மொத்தமாக நிராகரித்தது.

அடுத்த சில ஆண்டுகளில் முகவர்கள் நம் கம்பத்துக்கும் வருவார்கள். இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கார்பன் வரி கொண்டுவரப்படும் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரசு அறிவித்திருக்கிறது. வரி வந்தால் கிரெடிட் தேடுபவர்களும் கூடுவார்கள். குவாலா கெட்டில் பக்கம் ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் என் மாமா, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: 'ரெண்டு வருசத்துல மரத்தத் தள்ளிட்டு வேற ஏதாச்சும் நடலாம்னு இருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டா எத்தன வருசத்துக்கு நிலத்தத் தொடக்கூடாது?'

ஆஸ்திரேலியாவின் மண் கரிமத் திட்டத்தில் விவசாயி 25 ஆண்டு அல்லது 100 ஆண்டு என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன். மாமாவுக்கு இப்போது 58 வயது.