தலைவர்கள் துயிலும் கடற்கரை

பெரணமல்லூரில் பட்டுத் தறியில் ஜீவனம் நடத்தும் நெசவாளர் சென்னைக்குச் செல்ல நேர்ந்தால், நெசவுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் பிறந்து, முதலமைச்சராக இருந்தபோதே 1969 பிப்ரவரி 3-இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் சமாதியை மெரினாவில் தரிசிக்காமல் திரும்புவது அபூர்வம்.

அதே கடற்கரையில் 1987-இல் எம்.ஜி.ஆரும், 2016-இல் ஜெயலலிதாவும், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே 2018-இல் கருணாநிதியும் அடக்கம் செய்யப்பட்டனர். எம்.ஜி.ஆரின் கைக்கடிகாரம் உள்ளே ஒலிப்பதாக நம்பி, சமாதியின் கல்லில் காது வைத்துக் கேட்கும் கிராமத்து ஜனங்களை அங்கே காணலாம்.

காமராஜருக்கும் ராஜாஜிக்கும் பக்தவத்சலத்துக்கும் கிண்டியில் நினைவகங்கள் உண்டு. மலர் தூவுவதோடு கடமை முடிந்ததென எண்ணாமல், பிள்ளைகளை அவ்விடங்களுக்கு அழைத்துச் சென்று, அத்தலைவர்கள் ஆற்றிய தொண்டை எடுத்துரைப்பதே நாம் செலுத்தத்தக்க உண்மையான அஞ்சலி.