உப்புத் தண்ணீரில் கரையும் காசு! தர்மபுரி வீடுகளில் சோப்பு, சபீனா, ஆசிட்: எது உருப்படி? எது வம்பு?

தர்மபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரில் துணி துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோப்பு தேயும், நுரை வராது! அரைக் கட்டி கரைந்த பிறகும் வாளியில் திரிந்த பால் மாதிரி வெள்ளையாக ஏதோ மிதக்கும். புது வெள்ளை வேட்டி நாலு துவைப்பில் பழுப்பு அடித்துவிடும். "மட்ட சோப்பை வாங்கி வந்துட்டீங்க" என்று வீட்டில் சண்டை வேறு.

குற்றம் சோப்பு மேல் இல்லை. துவைக்கிற கை மேலும் இல்லை. தண்ணீர் மேல்!

பாறை இடுக்கில் ஊறி வரும் தண்ணீர் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. எண்ணெயில் காய்ச்சிய கட்டி சோப்பு இந்தச் சத்துகளோடு சேர்ந்ததும் பிசுக்காகத் திரிந்துவிடும். அந்தப் பிசுக்குக்கே பாதி சோப்பு பலி. மிச்சம் இருப்பதுதான் அழுக்கை எடுக்க வேண்டும். ஆக, கடையில் கொடுக்கும் காசில் ஒரு பங்கு தண்ணீரோடு போகிறது.

வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்க்கச் செலவு இல்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, குளியல் சோப்பைச் சீவிப் போட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை மேலே நின்றால் நல்ல தண்ணீர். நுரை நிற்காமல் வெள்ளைத் திரி திரியாக மிதந்தால் உப்புத் தண்ணீர். சோப்புப் பொடியைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தர்மபுரி என்றாலே புளோரைடு என்ற பேச்சு உண்டு. பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் வலி, வளைவு என்று இந்த மாவட்டத்து ஜனங்களைப் பல காலமாக வாட்டிய விஷயம் அது. இதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் புளோரைடு வேறு, துணிக்குப் பகையான உப்பு வேறு! "எங்க கிணத்துத் தண்ணியில சோப்பு நல்லா நுரைக்குது, அதனால குடிக்கலாம்" என்று நினைத்தால் ஆபத்து. நன்றாக நுரைக்கும் தண்ணீரிலும் புளோரைடு இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அதைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல முடியும், சோப்பு சொல்லாது.

பொடி வந்த கதை

உப்புத் தண்ணீர் ஊருக்குச் சோப்புப் பொடி ஒரு வரம்தான். அதில் இருப்பது எண்ணெய்ச் சோப்பு அல்ல, வேறு ரசாயனம். சுண்ணாம்போடு சேர்ந்து திரியாது. 1959-ல் சர்ப் வந்தபோது அது காசு உள்ளவர்கள் வீட்டுச் சாமான். 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் வீட்டுக் கொல்லையில் பொடி கலந்து சைக்கிளில் கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார். மகள் பெயரை ஒட்டி நிர்மா என்று பெயர். பெரிய கம்பெனி விலையில் சிறு பங்குதான். அதற்குப் பிறகுதான் ஏழை வீட்டு வாளியிலும் நுரை பொங்கியது.

விலை மலிவான பொடிக்கும் விலை கூடிய பொடிக்கும் வித்தியாசம் உண்டா? உண்டு. மலிவுப் பொடியில் சோடா தூக்கலாக இருக்கும். அழுக்கு போகும், சாயமும் கொஞ்சம் போகும், துவைக்கிறவர் கை எரியும். வேலைக்குப் போகும் காக்கி, தோட்டத்து வேட்டி, மிதியடிக்கு அது போதும். பட்டு, கம்பளி, புதுச் சேலைக்கு வேண்டாம். நுரையைப் பார்த்து மயங்கவும் கூடாது. நுரை அதிகம் வந்தால் அலசத் தண்ணீர் அதிகம் வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் வரும் தெருவில் மூன்று வாளி அலசல் என்பது சும்மாவா?

மளிகைக் கடையில் கிடைக்கும் சலவை சோடாவைப் பலர் மறந்தே போனார்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் விட்டால், சுண்ணாம்பை அது பிடித்துக் கீழே தள்ளிவிடும். அதற்குப் பிறகு சோப்பு போட்டால் பாதியே போதும். உப்புத் தண்ணீருக்கு இதைவிடச் சிக்கனமான வைத்தியம் கிடையாது. ஆனால் பெயரில் குழப்பம் வரக் கூடாது. சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. காஸ்டிக் சோடா தோலையே உரித்துவிடும்! சலவை சோடாவையும் அலுமினியப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. பாத்திரம் கறுத்து அரித்துப் போகும்.

சபீனாவா, சாம்பலா?

தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனிப் பாத்திரப் பொடி வாங்கினாலும் "சபீனா" என்றுதான் கேட்பார்கள். அவ்வளவு பழகிய பெயர். இந்த மாதிரிப் பொடிகள் எல்லாம் பெரும்பாலும் நைசாக அரைத்த கல்மாவு. கூடவே கொஞ்சம் சோடா, கொஞ்சம் சலவை ரசாயனம். அடிப்பிடித்த களிச் சட்டி, கரி ஏறிய வாணலிக்கு இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் பளபளப்பான எவர்சில்வர் டம்ளரைத் தினமும் இதால் தேய்த்தால் மங்கிப் போகும். நான்-ஸ்டிக் தவாவில் பட்டால் பூச்சு காலி.

பாத்திரக் கட்டி சோப்பு நல்லதுதான். ஆனால் தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் ஒரு வாரத்தில் கூழ். அடியில் ஓட்டை உள்ள டப்பா வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். பாட்டிலில் வரும் திரவத்தை நேராகப் பாத்திரத்தில் பீய்ச்சுவது வீண். கிண்ணத்துத் தண்ணீரில் சில சொட்டு விட்டு நாரை நனைத்தால் போதும். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்!

அடுப்புச் சாம்பல் இன்றைக்கும் சோடை போகாது. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும். காஸ் அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

தர்மபுரியில் புளிக்குப் பஞ்சம் இல்லை. ரசத்துக்குக் கரைத்த பிறகு எறியும் புளிச் சக்கைதான் வீட்டிலேயே மிகச் சிறந்த துப்புரவுச் சரக்கு! பித்தளைக் குத்துவிளக்கு, செம்புக் குடம் இரண்டுக்கும் உப்போடு சேர்த்துத் தேய்த்தால் கண் எதிரே நிறம் மாறும். பீதாம்பரி மாதிரிப் பொடிகள் சுலபம், சீக்கிரம். ஆனால் சக்கைக்குக் காசு இல்லை. தேய்த்த உடனே கழுவித் துடைக்க வேண்டும். புளிப்பு தங்கினால் பச்சை பூக்கும்.

குழாய் வாயிலும் எவர்சில்வர் குடத்திலும் வெள்ளையாகப் படியும் உப்புக் கறைக்கும் இதுவே மருந்து. கெட்டியான புளித் தண்ணீரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விட்டு, நாரால் தேய்த்தால் உதிரும். எலுமிச்சம் பழத் தோலும் இதே வேலை செய்யும். செல்போன் படத்தில் காட்டுகிறார்கள் என்று வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் சிலர். புஸ் என்று பொங்கும், பார்க்க வேடிக்கை. ஒன்றின் வீரியத்தை ஒன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது சத்தற்ற தண்ணீர்!

கடப்பா கல் மேடை உள்ள வீட்டில் மட்டும் புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் சிந்த விடக் கூடாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. புளிப்பு பட்ட இடம் வெளுத்துத் திட்டாகிவிடும். கிரானைட் தாங்கும்.

ஆசிட் பாட்டில்: உஷார்!

இனி வம்புக்கு வருவோம்.

"பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடரே...!" என்று தெருவில் வண்டி வரும். கழிப்பறையில் மஞ்சள் கறை ஏறிய வீடு எல்லாம் ஆசிட் வாங்கும். கறை நிஜமாகவே போகும். அதில் பொய் இல்லை. அது உப்பு படிந்த கறை. ஆசிட் அதைக் கரைத்துவிடும். ஆனால் அந்தப் பாட்டிலில் வீரியம் எவ்வளவு? யார் தயாரித்தது? பெரும்பாலும் எழுதி இருக்காது. பழைய குடிதண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்பார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும்!

இதுதான் கொலைகாரச் சரக்கு. வெயிலில் விளையாடிவிட்டு வரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில். இருட்டில் தாகத்துக்குத் தடவுகிற பெரியவருக்கும் அது தண்ணீர் பாட்டில். ஒரு மடக்கில் தொண்டையும் உணவுக் குழலும் வெந்துவிடும். உயிர் பிழைத்தாலும் குழல் சுருங்கிச் சோறு இறங்காமல் பல வருஷம் அவதிப்பட நேரும்.

அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி வரவழைப்பது ஊர் வழக்கம்; ஆசிட் விஷயத்தில் அது எமன். போன வழியே திரும்பும்போது இன்னொரு தடவை வேகும். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-க்குப் போன் செய்ய வேண்டும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் அந்தப் பாட்டிலைக் கையோடு கொண்டு போக வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷமாவது கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

ஆசிட் விற்பனைக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான உத்தரவு போட்டது. வாங்குகிறவர் பெயர், விலாசம், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் நோட்டில் எழுத வேண்டும். போட்டோ உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. மீறினால் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தெருவண்டியில் நோட்டும் இல்லை, அட்டையும் இல்லை!

ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலப்பது இன்னும் மோசம். "ரெண்டும் சேர்ந்தா டபுள் வெள்ளை" என்ற நினைப்பில் கழிப்பறையில் பவுடரைத் தூவி மேலே ஆசிட்டை ஊற்றுகிறார்கள். உடனே கிளம்புவது குளோரின் விஷ வாயு! முதல் உலகப் போரில் 1915-ல் எதிரிகள் மேல் திறந்து விட்டார்களே, அதே வாயுதான். காற்றைவிடக் கனமானது, ஜன்னல் இல்லாத கழிப்பறையில் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவருக்குத்தான் முதல் அடி. கண் எரிந்து, மூச்சு திணறினால், அலசிவிட்டு வரலாம் என்று நிற்கக் கூடாது. அப்படியே வெளியே ஓடி வந்துவிட வேண்டும். கம்பெனி டாய்லெட் பாட்டிலிலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கும். அதோடும் பிளீச்சிங் சேரக் கூடாது.

இரண்டில் எது வாங்கலாம் என்றால், லேபிள் ஒட்டிய, அழுத்தித் திருகும் மூடி போட்ட கம்பெனி பாட்டில்தான். விலை கூடுதல். ஆனால் வளைந்த கழுத்து இருப்பதால் கையில் தெறிக்காது, வீரியமும் குறைவு. பத்து நிமிஷம் ஊற வைத்தால் கறை போகும். சிமெண்டுத் தரை, மொசைக்கில் எந்த ஆசிட்டும் கூடாது. தரையையே தின்றுவிடும்.

பினாயில், பிளீச்சிங்

கறுப்பு பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்க வேண்டும். எண்ணெயாக மேலே மிதந்தால் மட்ட சரக்கு, அல்லது உப்புத் தண்ணீர் செய்த வேலை. வாசனை மட்டும் தூக்கலாக இருந்து கிருமி சாகாத பினாயில் நிறைய உண்டு.

பிளீச்சிங் பவுடர் மூட்டை திறந்து ஈரத்தில் கிடந்தால் செத்துப்போகும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லை என்றால் அது வெறும் சுண்ணாம்பு. திருவிழாவுக்குத் தெரு ஓரம் கோடு போட்ட மாதிரி தூவுகிறார்களே, அதையும் ஜனங்கள் மோந்து பார்க்கலாம்!

தண்ணீர் டிரம்மை வாரம் ஒரு தடவை காலி செய்து உள்சுவரை நாரால் தேய்ப்பது எந்தப் பவுடரையும்விட மேல். டெங்கு கொசு முட்டை சுவரில் ஒட்டி இருக்கும். சும்மா கொட்டிக் கவிழ்த்தால் போகாது. ரசாயனம் வந்த பழைய நீல டிரம்மை மலிவாகக் கிடைக்கிறதென்று குடிதண்ணீருக்கு வாங்குவது தவறு. எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் குடித்த ரசாயனம் முழுசாக வெளியே வராது.

துடைப்பத்தில் பெரிய ரகசியம் இல்லை. வாசலுக்குத் தென்னை விளக்குமாறு, காரைத் தரைக்கு ஈச்சம் துடைப்பம், வழவழ டைல்சுக்குப் பூந்துடைப்பம். புதுப் பூந்துடைப்பம் தூள் கொட்டும். வாங்கிய அன்றே வெளியில் வைத்துச் சீப்பால் வாரித் தட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பெட்டியில் துணிக்கு நடுவே போடும் அந்துருண்டையும் கவனிக்க வேண்டிய சரக்கு. பூச்சியை விரட்டும், சரி. ஆனால் மாதக் கணக்கில் அந்துருண்டை வாசத்தில் கிடந்த பழைய சேலையை எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குத் தூளி கட்டக் கூடாது. பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு சத்து குறைவான குழந்தைகள் உண்டு. பார்த்தால் தெரியாது. அந்த வாசமே அவர்களுக்கு ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, வாசம் போன பிறகு கட்டலாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் இந்தப் பயம் இல்லை. மாதா மாதம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும் பாக்கெட்டில் தயாரித்தவர் பெயர், விலாசம், எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஐந்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடை குறைந்தாலும், போட்ட விலைக்கு மேல் கேட்டாலும், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.